தோள்பட்டை முடிச்சு: அழுத்திப் பிடிப்பதா, இறுக்கித் தளர்த்துவதா?

வலது பொட்டில் ஆறேழு மாதமாகத் தலைவலி. கண்ணாடியின் பவரை மாற்றியும் விடவில்லை. கோளாறு தலையில் இல்லை என்று கண்டுபிடித்தவர் எங்கள் பகுதி பிசியோதெரபிஸ்ட். கழுத்தும் தோளும் சேரும் இடத்துச் சதையை இரண்டு விரலால் கவ்வி அவர் அழுத்தியதும், அதே வலி காதுக்குப் பின்னால் ஏறிப் பொட்டில் வந்து நின்றது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் மேல் டிரபீசியஸ் தசையில் உள்ள டிரிகர் பாயின்ட், அதாவது அழுத்தினால் வேறிடத்திலும் வலிக்கும் இறுகிய முடிச்சு, வலியை அனுப்பும் வழியே அதுதானாம். பிழைதிருத்தும் வேலையில் நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவனுக்கு அது வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அதன்பின் மூன்று மாதத்தில் சில கைமுறைச் சிகிச்சைகளை எடுத்துக்கொண்டேன். இப்போது நான் வைத்திருப்பது மசில் எனர்ஜி டெக்னிக், சுருக்கமாக எம்.இ.டி.: தசையை லேசாக இறுக்கி, பிறகு தளர்த்தி நீட்டும் முறை. என் சாய்வு அதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் செய்தது அழுத்திப் பிடிப்பது. இஸ்கெமிக் கம்ப்ரெஷன் என்பார்கள். முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்து, தாங்கக்கூடிய வலி வரும்வரை அழுத்தி, அது இளகும்வரை ஒன்று ஒன்றரை நிமிடம் அப்படியே பிடிப்பது. பலன் உடனே தெரியும். மேசையிலிருந்து எழும்போதே கழுத்து லேசாகத் திரும்பியது. ஆனால் முரட்டுத்தனமாக அழுத்தினால் மறுநாள் கன்றிப்போகும். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட டிராவெல், சைமன்ஸ் இருவரின் கையேடு முதலில் வந்தது 1983-இல். 1999-இல் வந்த இரண்டாம் பதிப்பு, ரத்த ஓட்டத்தை நிறுத்தும் அளவுக்கு அழுத்தத் தேவையில்லை, தசை எதிர்ப்புக் காட்டும் இடத்தில் நின்றாலே போதும் என்று அழுத்தத்தைக் குறைத்தது. ஆகவே ‘வலித்தால்தான் குணமாகும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஸ்ட்ரெயின் கவுண்டர்ஸ்ட்ரெயின் இதற்கு நேர் எதிர். அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர் லாரன்ஸ் ஜோன்ஸ் 1950-களில் உருவாக்கியது. வலிக்கும் தசையை நீட்டாமல், வலி அடங்கும் வாகுக்கு உடலைச் சுருக்கி, 90 நொடி வைத்திருந்து மெதுவாக விடுவார்கள். தொட்டாலே துடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் எடுத்தது இரண்டே தடவை, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தசையைச் சுற்றியுள்ள உறையை மெதுவாக இழுத்துத் தளர்த்தும் மயோஃபேஷியல் ரிலீஸ் இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, எம்.இ.டி. ஏன்? முடிச்சு திரும்பி வருகிறது, அதுதான் காரணம். எந்த முறையில் இளக்கினாலும், அதே நாற்காலியில் அதே குனிவில் பத்து நாள் உட்கார்ந்தால் மறுபடி கட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் 400 ரூபாயும் ஒரு மாலைப் பொழுதும் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஆள் துணையில்லாமல் எதைத் தொடர முடியும் என்பதே என் ஒரே கேள்வி. அழுத்தத்தை நானே முயன்றேன். முதுகில் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே என்றால் சுவரில் டென்னிஸ் பந்தை வைத்துச் சாயலாம். தோளின் மேல்விளிம்பில் பந்து நிற்காது. இடது கையால் கவ்விப் பிடித்தால் முடிச்சு இளகுவதற்குள் கட்டைவிரல் ஓய்ந்துவிடும்.

எம்.இ.டி.க்கு நாற்காலி போதும். வலது கையால் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையைச் சற்றே குனிந்து இடப்பக்கம் சாய்த்து, முகத்தை லேசாக வலப்பக்கம் திருப்ப வேண்டும். இழுப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, வலது தோளைக் காதை நோக்கித் தூக்கப் பார்க்க வேண்டும். கை விளிம்பைப் பிடித்திருப்பதால் தோள் நகராது. “பத்துல ரெண்டு பங்கு பலம் போதும் சார், மல்லுக்கட்டாதீங்க” என்பார் பிசியோ. ஏழு முதல் பத்து நொடி. அப்புறம் மூச்சை விட்டுத் தளர்ந்து, தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்து அரை நிமிடம். இப்படி மூன்று முதல் ஐந்து முறை. தளர்ந்தபின் தலை கூடுதலாகச் சாய்வதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

ஆய்வுகள் என் பக்கம் என்று சொல்ல மாட்டேன். அழுத்தம், எம்.இ.டி. இரண்டுமே வலியைக் குறைப்பதாகக் காட்டுபவை பெரும்பாலும் சிறிய, சில வார ஆய்வுகள்தான். இதுதான் மேல் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அவை போதாது. டிரிகர் பாயின்ட் என்ற விளக்கத்தையே ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. முடிச்சு பழையதாக, கெட்டியாக இருந்தால் முதல் இரண்டு மூன்று தடவை பிசியோவின் கையால் அழுத்தி இளக்கிக்கொண்டு, பிறகு எம்.இ.டி.க்கு வருவதே நல்லது. நான் வந்த வழியும் அதுதான். கை மரத்துப்போனால், பிடி தளர்ந்தால், நடக்கும்போதோ படியேறும்போதோ தோளோடு நெஞ்சும் வலித்தால் இதில் எதையும் செய்யாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நான் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, கணினியை மூடியதும் ஒரு தடவை செய்கிறேன். இரண்டும் சேர்த்து எட்டு நிமிடம் ஆகிறது. நான்கு மாதமாகப் பொட்டு வலி இல்லை. முடிச்சு மட்டும் விரலுக்கு இன்னும் தட்டுப்படுகிறது.