வியன்னா கூ: ஏஸைக் காப்பதா, முதலிலேயே இறக்குவதா?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் வியன்னா கூ என்பது, நம் ஏஸை முன்கூட்டியே அடித்துவிட்டு, பிறகு எதிராளியை எதைக் கழிப்பதென்று திணறவைக்கும் உத்தி. இது நோ டிரம்ப் (துருப்பு இல்லாத) ஆட்டம். டம்மியில் (மேசையில் விரித்துவைத்த கூட்டாளியின் சீட்டுகளில்) ஸ்பேடு ஏஸ், 4. ஹார்ட் ஏஸ், ஜாக். நம் கையில் ஸ்பேடு ராணி, 5, ஹார்ட் 2, கிளப் ஏஸ். வலப்பக்க எதிராளியிடம் ஸ்பேடு ராஜா, 9. ஹார்ட் ராஜா, ராணி.

ஸ்பேடு ஏஸைக் காப்பாற்றிக்கொண்டே கிளப்பை இறக்கினால், டம்மி 4ஐப் போட, அவர் நிம்மதியாக 9ஐக் கழிப்பார். அப்புறம் ஏஸுக்கு ராஜா விழுந்தாலும் நம் ராணியை எட்ட வழியில்லை. இந்த வழி, டம்மிக்கு முன்பே கழிக்க வேண்டிய இடப்பக்க ஆளிடம்தான் செல்லும்.

வியன்னா கூ நேர்மாறு. இந்த நிலை வருவதற்கு முன்பே, டைமண்ட் மிச்சம் இருக்கும்போதே, ஸ்பேடு ஏஸை அடித்துவிட்டு டைமண்டில் கைக்குத் திரும்புங்கள். வலப்பக்க எதிராளியின் ராஜாவை நாமே பெரிய சீட்டாக்கிவிட்டோமே என்று வயிறு கலங்கும். சரி, இப்போது கிளப் ஏஸ். அவரிடம் மிச்சம் ஸ்பேடு ராஜா, ஹார்ட் ராஜா, ராணி. எதைக் கழித்தாலும் நமக்கு ஒரு பிடி கூடுதல். பிரிட்ஜுக்கு முன்னோடியான விஸ்ட் சீட்டாட்டக் காலத்திலேயே பேர்பெற்ற இந்த வழிக்குத்தான் என் ஓட்டு.