படர்தாமரையா, தேமலா, எக்சிமாவா? விளிம்பைப் பாருங்கள்

சித்திரை, வைகாசி வெயிலில் தோட்டத்தில் நின்றுவிட்டு வந்தால், சாரம் கட்டும் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் கடி தொடங்கிவிடும். உடனே பாமசிக்குப் போய், "கடிக்கு ஒரு கிறீம் தாங்கோ" என்று கேட்கிறோம். எந்தக் கடி என்று பார்க்காமல் கிறீம் வாங்குவதில்தான் ஆபத்து.

படர்தாமரைக்கு விளிம்புதான் அடையாளம். வட்டமாகப் பரவும். ஓரம் சற்றுத் தடித்துச் செதிலாக இருக்கும், நடுப்பகுதி ஆறியதுபோலத் தெளிந்திருக்கும். எங்கள் நிறத்தில் சிவப்பு அவ்வளவு தெரியாது, மண்ணிறமாகவே தோன்றும். கடி கடுமை. துவாயைப் பகிர்ந்தால் வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டும். பூனைக்குட்டி, மாட்டுக்கன்றிலிருந்தும் வரும்.

படர்தாமரையைப் போலத் தேமலும் பங்கசு (பூஞ்சை) தான், ஆனால் சாது. எல்லோருடைய தோலிலும் இருக்கும் மலசேசியா என்ற பங்கசு பெருகுவதால் நெஞ்சு, முதுகு, கழுத்தில் வெளிறியோ கறுத்தோ படரும். நகத்தால் சுரண்டினால் மா மாதிரி உதிரும். கடி குறைவு, பிறருக்கு ஒட்டாது. பங்கசு செத்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதங்கள் எடுக்கும், அதற்காக மருந்து பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஆனால் வெளிறிய இடத்தில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயாக இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள், அதைக் குணப்படுத்த மருந்து இருக்கிறது.

எக்சிமா பங்கசு அல்ல, தோல் அழற்சி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும்: முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம். ஓரம் தெளிவாக இராது, சிலவேளை நீர் வடியும். வட்டமாக வரும் எக்சிமாவும் உண்டு, அதில் நடுப்பகுதியும் ஓரத்தைப் போலவே செதிலாக இருக்கும். சந்தேகமென்றால் வைத்தியர் செதிலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்.

எக்சிமாவுக்குத் தரும், அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் கிறீமைப் படர்தாமரையில் பூசினால் இரண்டு மூன்று நாளில் கடி அடங்கும், ஆனால் உள்ளே பங்கசு சுகமாகப் பரவும். விளிம்பும் மங்கிவிடும், பிறகு வைத்தியருக்கே அடையாளம் காண்பது கஷ்டம். அக்கா வீட்டில் மிஞ்சிய ட்யூப்பை எடுத்துப் பூசாதீர்கள்.

படர்தாமரைதான் என்றால் ஸ்டீரொயிட் கலக்காத குளோட்ரிமசோல் அல்லது டெர்பினஃபின் கிறீம் போதும். விளிம்புக்கு வெளியே 2 சென்ரிமீற்றர் வரை பூசுங்கள். ஆறியதும் நிறுத்தாமல் இன்னும் 1-2 கிழமை தொடருங்கள். தலையிலோ நகத்திலோ வந்தால் கிறீம் மட்டும் போதாது, பெரும்பாலும் குளிசையும் தேவைப்படும்.