போர்ட் ஒயின் பாட்டில் மேல் இரண்டு ஆண்டுகள்: எதை நம்பி வாங்குவது?

போர்ட், திராட்சைச் சாராயம் சேர்த்துச் செய்யும் போர்ச்சுகல் நாட்டு ஒயின். இதில் முன்பக்க லேபிளின் பெரிய எண் (அறுவடை ஆண்டு அல்லது வயது) மட்டும் போதாது. பாட்டிலில் அடைத்த ஆண்டையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பின்பக்கத்தில், ‘எங்கராஃபாடோ எம்’ என்ற போர்ச்சுகீசியச் சொற்களை அடுத்துப் பொடி எழுத்தில் இருக்கும். நெடுநாள் வாங்கிப் பழகியவர்கள் பாட்டிலைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இது மிக முக்கியமாவது கொல்யெய்ட்டாவில். ஒரே ஆண்டு அறுவடையின் டானி (மரப்பீப்பாயில் முதிர்ந்து பழுப்பேறும் போர்ட்) இது. குறைந்தது 7 ஆண்டுகள் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும், அதிகபட்ச வரம்பு கிடையாது. எனவே 1994 கொல்யெய்ட்டா என்று இரண்டு பாட்டில்கள் இருந்து, ஒன்று 2004-இலும் மற்றது 2020-இலும் அடைக்கப்பட்டிருந்தால் இரண்டும் வேறு வேறு ஒயின்கள். முதலாவது பீப்பாயில் இருந்தது 10 ஆண்டு. சிவப்புச் சாயலும் உலர்பழச் சுவையும் மிச்சமிருக்கும். இரண்டாவது 26 ஆண்டு. பழுப்பேறி, வால்நட், ஆரஞ்சுத் தோல், கேரமல் பக்கம் போயிருக்கும். அடைத்த ஆண்டிலிருந்து அறுவடை ஆண்டைக் கழியுங்கள். அந்த விடைக்குத்தான் விலை கொடுக்க வேண்டும். பீப்பாயில் முதிர்ந்த ஒயின் பாட்டிலுக்குள் போனபின் பெரிதாக மேம்படாது. நெடுங்காலம் பாட்டிலில் கிடந்தது திறந்தவுடன் மூடிய வாடை அடிக்கலாம். சில மணி நேரம் காற்றாட விட்டால் பெரும்பாலும் தெளியும்.

10, 20, 30, 40 ஆண்டு டானிகளில் அந்த எண் அறுவடை ஆண்டைக் குறிப்பதில்லை. பல ஆண்டு ஒயின்களைக் கலந்து, அந்த வயதுக்குரிய குணம் வந்திருக்கிறதா என்று டூரோ, போர்ட்டோ ஒயின்களுக்கான போர்ச்சுகல் அரசு நிறுவனத்தின் சுவைக்குழு பார்த்து அனுமதிக்கிறது. அண்மைக் காலத்தில் 50, 80 ஆண்டு வகைகளும் சேர்ந்தன. ‘20 ஆண்டு’ டானியைப் பத்தாண்டு வீட்டில் வைத்திருந்தால் அது 30 ஆண்டு டானி ஆகிவிடாது, புத்துணர்ச்சிதான் குறையும். இவ்வகையில் அண்மையில் அடைத்ததையே தேடி வாங்குவது என் பரிந்துரை. விலைக்கும் சுவைக்கும் நல்ல பொருத்தம் 20 ஆண்டில்தான்.

விண்டேஜில், அதாவது சிறந்த ஓர் ஆண்டின் அறுவடையிலிருந்து மட்டும் செய்யும் போர்ட்டில், கணக்கு தலைகீழ். அறுவடைக்குப் பின் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலேயே அடைத்துவிடுவார்கள். முதிர்ச்சி முழுக்கப் பாட்டிலுக்குள் நடக்கும். இங்கே அறுவடை ஆண்டுதான் வழிகாட்டி. லேட் பாட்டில்டு விண்டேஜ் அடைக்கப்படுவது நான்கு முதல் ஆறாம் ஆண்டுக்குள். லேபிளில் இரண்டு ஆண்டுகளும் இருக்கும். இதில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது மூடியை. பிளாஸ்டிக் தலை வைத்த குட்டைக் கார்க் என்றால் பெரும்பாலும் வடிகட்டியது, உடனே குடிக்கலாம். திருகி எடுக்கும் நீளக் கார்க்கும் ‘வடிகட்டாதது’ என்ற குறிப்பும் இருந்தால் இன்னும் சில ஆண்டு வைக்கலாம். ஆனால் வண்டல் படியும். ஊற்றுவதற்கு முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, வண்டல் கழுத்தை எட்டும்போது நிறுத்துங்கள். பல ஆண்டு ஒயின்களைக் கலந்து வடிகட்டாமல் அடைக்கும் கிரஸ்டட் போர்ட்டில் காணும் ஆண்டு, அறுவடையுடையது அல்ல, அடைத்த ஆண்டு. கடைக்காரர்களே இதில் குழம்புவதுண்டு.

1970-க்கும் அதற்கு முந்தைய விண்டேஜ்களுக்கும் ஒரு தனி எச்சரிக்கை. அப்போது பீப்பாயாகவே பிரிட்டனுக்குப் போய், அங்கே வணிகர்கள் அடைத்தவை ஏராளம். ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு என்றாலும் அடைத்தவரைப் பொறுத்துத் தரம் மாறும். 1975 விண்டேஜிலிருந்து எல்லாம் போர்ச்சுகலிலேயே அடைக்கப்பட்டவை. பழைய பாட்டிலில் லேபிள் உதிர்ந்திருந்தால், கார்க்கில் அச்சிட்ட பெயரும் ஆண்டும் சான்று. உறைமூடியின் புடைப்பு எழுத்தும் உதவும். கழுத்தில் ஒட்டும் எண்ணிட்ட உத்தரவாத முத்திரைத்தாள் கிழிந்தோ ஒட்டுப்போட்டோ இருந்தால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

திறந்த பின், விண்டேஜை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். லேட் பாட்டில்டு ஒரு வாரம் தாங்கும். டானி, குளிர்பெட்டியில் மூன்று நான்கு வாரம்.