எஸ்என்எல் இன்னும் சிரிக்க வைக்கிறதா? என் கோபமெல்லாம் அந்த அட்டை மேல்தான்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "இத்தனை வருஷமா சாட்டர்டே நைட் லைவை விடாம பார்க்கிறீங்களே, அது ஆரம்பிச்சு அம்பது வருஷம் தாண்டிருச்சு, இன்னும் நிஜமாவே சிரிப்பு வருதா, இல்ல பழக்க தோஷமா?" ஒரு வரியில் பதில் அனுப்பத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுதக் கோபம் ஏறிவிட்டது, ஆகவே நீளமாகவே எழுதுகிறேன். எஸ்என்எல் என்பது சாட்டர்டே நைட் லைவின் சுருக்கம்: அமெரிக்காவில் சனிக்கிழமை இரவில் நேரலையாக வரும் நகைச்சுவை நிகழ்ச்சி, ஸ்கெட்ச் எனப்படும் சின்னச் சின்ன நாடகத் துணுக்குகளால் ஆனது. நிகழ்ச்சி எங்கிருந்து வந்தது, எடி மர்பியும் டினா ஃபேயும் அதிலிருந்து எப்படி மேலே போனார்கள் என்ற கதையெல்லாம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

என் பிரச்சினை கியூ கார்டு. வசன அட்டை.

ஒரு சமையலறை செட் என்று வையுங்கள். கணவன் மனைவி சண்டை. மனைவி குரலை உயர்த்தி ஒரு வசனம் சொல்கிறாள், நல்ல வசனம்தான், ஆனால் அவள் பார்வை அவன் காதுக்கு ஓர் அடி தள்ளி எங்கோ நிற்கிறது. அவன் பதில் சொல்கிறான், அவன் பார்வை கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சண்டை போட்டு, சமாதானமாகி, முத்தம் கொடுத்துக்கொள்வது வரை போகிறார்கள். கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் பெரிய வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதில் வசனம் கையால் எழுதியிருக்கும், யார் வரி எது என்று குழம்பாமலிருக்க ஆளுக்கு ஒரு நிற மை. இதை ஒரு தடவை கவனித்துவிட்டால் அப்புறம் கவனிக்காமல் இருக்கவே முடியாது. நகைச்சுவை என்பது பாதி எதிராளியின் முகத்தில் நடக்கிற விஷயம். சொன்னவனைப் பார்த்து கேட்டவன் முகம் மாறும்போதுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது, அந்த இடத்தில் கேட்டவன் தன் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். அட்டை சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல. திங்கள்கிழமை, நிகழ்ச்சியை உருவாக்கிய தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் அறையில், அந்த வார ஹோஸ்டை (நிகழ்ச்சியை நடத்த வரும் விருந்தினரை) வைத்துக்கொண்டு யோசனை சொல்கிறார்கள், செவ்வாய் இரவு முழுக்க எழுதுகிறார்கள், புதன்கிழமை நாற்பது ஸ்கெட்சுக்குப் பக்கமாக எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள், அதில் தேறியவைக்கு மட்டும் செட் போடுகிறார்கள். சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் பார்வையாளர்களை வைத்து ஒரு முழு ஒத்திகை, அது உண்மை நிகழ்ச்சியைவிட நீளம். எது எடுபட்டது, எது படுத்தது என்று அங்கே பார்த்து, 11.30க்குள் சில ஸ்கெட்சுகளைத் தூக்கி எறிந்து, மிச்சத்தில் வரிகளை வெட்டி ஒட்டி, நேரலையில் போய்க்கொண்டிருக்கும்போதுகூட அடுத்த ஸ்கெட்சின் வரிகளைத் திருத்துகிறார்கள். எட்டு மணிக்கு மனப்பாடம் செய்த வசனம் பதினொன்றரைக்கு இருக்காது. அதனால்தான் நடிகர்களிடம் மனப்பாடம் செய்யாதே, அட்டையைப் படி என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். வாலி ஃபெரஸ்டன் என்பவர் பல பத்தாண்டுகளாக அந்த அட்டைக் குழுவை நடத்துகிறார். நேரலையின் நடுவில் இயந்திரம் நின்றுபோனால் எல்லாம் போச்சு, கையில் பிடித்த அட்டை நிற்காது என்பதால், வசனத்தைத் திரையில் ஓட்டிக் காட்டும் டெலிப்ராம்ப்டர் பக்கம் அவர்கள் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் ஐந்தாறு நாளில் ஒன்றரை மணி நேர நாடகம் ஒன்றை உண்டாக்கி, இரவு 1 மணி வரை ஓட்டுவது சாதாரண வேலையில்லை. இந்த ஒழுங்கை 1975 அக்டோபர் 11ஆம் தேதியிலிருந்து நடத்துகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

ஆனால் அந்த அட்டை இப்போது எழுத்தையே மாற்றிவிட்டது என்பதுதான் இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது. யோசித்துப் பாருங்கள், ஏன் இந்த நிகழ்ச்சியில் இவ்வளவு போலி வினாடி வினா, போலி டாக் ஷோ, போலி பத்திரிகையாளர் சந்திப்பு, போலி நீதிமன்றம்? இதிலெல்லாம் மனிதர்கள் நேராகப் பார்த்துப் பேசலாம், ஒருவரையொருவர் பார்க்கத் தேவையில்லை. அட்டை உறுத்தாது. 2016 அக்டோபரில் டாம் ஹாங்க்ஸ் வந்த பிளாக் ஜெப்பர்டி என்ற போலி வினாடி வினா நன்றாக இருந்ததற்கு எழுத்து ஒரு காரணம், மூன்று போட்டியாளர்களும் வரிசையாக முன்னால் பார்த்து நிற்கலாம் என்பது இன்னொன்று. 2015 டிசம்பரில் கேட் மெக்கின்னன் வேற்றுக்கிரகவாசிகள் தன்னை என்ன செய்தார்கள் என்று விவரித்து, பக்கத்திலிருந்த ரயன் காஸ்லிங்கைச் சிரிக்க வைத்தாரே, அதிலும் மூன்று பேர் வரிசையாக நாற்காலியில்தான். எனக்கு அந்த ஸ்கெட்சுகள் உயிர். ஆனால் இந்த வடிவங்களையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் எல்லா வாரமும் ஒரே வாரம்போல் ஆகிவிடுகிறது, ஆகிக்கொண்டும் இருக்கிறது.

அட்டையை மறைக்காமல், அட்டைக்கு ஏற்ற மாதிரியே ஒரு காட்சி அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 அக்டோபரில் நேட் பர்கட்ஸி ஜார்ஜ் வாஷிங்டனாக வந்ததைச் சொல்வேன். அமெரிக்கப் புரட்சிப் போர்க் காலம், முகாமில் வீரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், தளபதி எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டு தன் கனவைச் சொல்கிறார். என்ன கனவு? நமக்கென்று சொந்தமாக எடையும் அளவும் வேண்டும். 2,000 பவுண்டு ஒரு டன். அப்படியானால் 1,000 பவுண்டுக்கு என்ன பெயர்? பெயர் இல்லை. ஒரு மைலுக்கு 5,280 அடி, ஏன் என்று கேட்கக் கூடாது. லிட்டர் உண்டு, ஆனால் சில பானங்களுக்கு மட்டும். பர்கட்ஸி நடிகரில்லை, ஸ்டாண்ட்அப் காமெடியன், அவர் பார்வை முழுக்க அட்டையில்தான் இருந்திருக்கும். ஆனால் தொலைநோக்குத் தலைவன் தூரத்தைத்தானே பார்க்க வேண்டும்! அந்தக் குறையே அங்கே நடிப்பாகிவிட்டது. உயரத்தை அடி அங்குலத்திலும் தூரத்தைக் கிலோமீட்டரிலும் சொல்லி வளர்ந்த நமக்கு அந்த ஸ்கெட்சில் ஒரு தனி ருசி உண்டு. நடுவில் கீனன் தாம்சன் வீரராக, என்னைப் போன்ற கறுப்பு மனிதர்களுக்கு இந்தச் சுதந்திரத்தில் என்ன பங்கு என்று கேட்க, வாஷிங்டன் அதைக் காதில் வாங்காமல் வெப்பநிலையைப் பற்றிப் பேசுகிறார். எவ்வளவு சிக்கனமான, கடுமையான நகைச்சுவை. அதற்காக எதையும் மன்னிக்கலாம்.

கீனனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2003லிருந்து இருக்கிறார், இந்த நிகழ்ச்சியின் வரலாற்றில் அவரளவு நீடித்த நடிகர் வேறு யாரும் இல்லை. அட்டையைப் படிக்கிறாரா என்று பார்த்தால் படிக்கத்தான் செய்கிறார், ஆனால் வரிக்கும் வரிக்கும் நடுவில் கண்ணைத் திருப்பி எதிராளியைப் பார்த்துவிடுகிறார். அந்தக் கால் நொடிப் பார்வையில்தான் அவர் சிரிப்பு இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

பார்வை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 ஏப்ரலில் வந்த பீவிஸ் அண்ட் பட்-ஹெட் ஸ்கெட்சைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். செய்திப் பேட்டி மாதிரி ஒரு செட், கீனன் பேராசிரியர், ஹைடி கார்ட்னர் பேட்டி எடுப்பவர், பார்வையாளர் வரிசையில் ரயன் காஸ்லிங்கும் மைக்கி டேயும் அந்த இரண்டு கார்ட்டூன் பையன்களைப்போலவே அச்சு அசலாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஹைடி அட்டையைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தடவை திரும்பி மைக்கி டேயை நேருக்கு நேர் பார்த்தார். அவ்வளவுதான், உடைந்துபோய்ச் சிரித்துவிட்டார், நிறுத்தவே முடியவில்லை. நடிகர் சிரிப்பை அடக்க முடியாமல் போவது ஒழுங்கீனம் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மனுஷி இன்னொரு மனுஷனை உண்மையில் பார்த்ததால் வந்த சிரிப்பு அது.

அப்படியானால் அட்டையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2020 ஏப்ரலில் கோவிட் நேரத்தில் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து பதிவு செய்து ஒளிபரப்பினார்கள், நோயிலிருந்து மீண்டு வந்த டாம் ஹாங்க்ஸ் தன் வீட்டுச் சமையலறையில் நின்று முன்னுரை பேசினார். எல்லார் பார்வையும் நம்மை நோக்கியே இருந்தது, ஆனால் எதிரே சிரிக்க ஆள் இல்லை, தப்பு நடந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. அன்பாக இருந்தது, சிரிப்பு வரவில்லை. அக்டோபரில் தங்கள் வழக்கமான 8எச் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து, குறைந்த கூட்டத்தோடு மறுபடி தொடங்கியபோது, அதே அட்டை, அதே எங்கோ பார்க்கிற பார்வை, எனக்கு நிம்மதியாக இருந்தது. முன்னாலேயே படம் பிடித்துப் போடுகிற குறும்படங்களிலும் போலி விளம்பரங்களிலும் அட்டைத் தொல்லை கிடையாது, முகம் பார்த்துப் பேசுகிறார்கள், வெட்டு கூர்மையாக இருக்கிறது, பல வாரங்களில் அவைதான் எபிசோடைத் தூக்கி நிறுத்துகின்றன. ஆனால் அதற்கு நேரலை எதற்கு?

தொடக்கத்தில் வருகிற அரசியல் ஸ்கெட்சைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஜேம்ஸ் ஆஸ்டின் ஜான்சன் டிரம்ப்பின் பேச்சு வழி தவறி அலைவதைப் பிடித்திருக்கிற விதம் பெரிய கலை, மற்றவர்களைச் சிலையாக நிறுத்திவிட்டு நேராக நம்மிடம் பேசுகிறார், அட்டைப் பிரச்சினையும் தீர்ந்தது. ஆனால் அந்த வாரச் செய்தியை அப்படியே திருப்பிச் சொல்வது நகைச்சுவை ஆகாது. கைதட்டல் வருகிறது, சிரிப்பு வருவதில்லை. நம் ஊரில் ஞாயிறு காலை 9 மணிக்கோ 10 மணிக்கோ அது ஓடும்போது நான் காபி போடப் போய்விடுகிறேன்.

அப்புறம் அந்த ஜோக் மாற்றல். கோலின் ஜோஸ்டும் மைக்கேல் சேயும் 2014லிருந்து, நிகழ்ச்சிக்குள் வரும் வீக்எண்ட் அப்டேட் என்ற கேலிச் செய்திப் பகுதியின் மேசையில் உட்கார்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்திலும் நிகழ்ச்சியின் பருவம் (சீசன்) முடியும்போதும் ஒருவருக்கு ஒருவர் ஜோக் எழுதிக் கொடுத்து, முன்னால் பார்க்காமல், நேரலையில் அட்டையைப் பார்த்து முதல்முறையாகப் படிக்க வேண்டும். கறுப்பரான சே, வெள்ளைக்காரரான ஜோஸ்ட் வாயால் சொல்லவே கூடாத வரிகளாகப் பார்த்து எழுதி வைத்திருப்பார். ஜோஸ்ட் ஒரு வரி படிக்கிறார், அடுத்த வரி எங்கே போகிறது என்று தெரிந்துவிடுகிறது, நிறுத்தவும் முடியாது, முகம் வெளிறுகிறது, கண் அட்டையிலேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் அவர் மனைவி ஸ்கார்லெட் ஜொஹான்சன் மேடைக்குப் பின்னாலிருந்து, தன்னைப் பற்றிய ஜோக்கைத் தன் கணவர் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்ததைத் திரையில் காட்டினார்கள். நான் இவ்வளவு நேரம் திட்டிய அதே அட்டைதான். அங்கே அதுதான் வில்லன், அதுதான் கதாநாயகன், அதைப் படிக்கிற முகம்தான் நாடகம். டெலிவிஷனில் எனக்கு இப்போது இதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை, வருஷம் முழுக்க இதற்காகக் காத்திருப்பேன்.

ஒரு விஷயம், "அந்தக் காலத்துல நல்லா இருந்துச்சு" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 1980இல் மைக்கேல்ஸ் விலகிப்போன அடுத்த பருவத்தையோ, 1985இல் அவர் திரும்பி வந்த பருவத்தையோ பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நல்ல வாரமும் மோசமான வாரமும் எப்போதும் கலந்தே இருந்தன. இப்போதைய எழுத்தாளர்களும் நடிகர்களும் திறமையில் எந்தக் காலத்தவருக்கும் குறைந்தவர்களில்லை, அதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

ஆனாலும் நண்பர் கேட்டது சிரிப்பு வருகிறதா என்று. போன எபிசோடை ஆரம்பம் முதல் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காதல் காட்சி, இரண்டு அருமையான நடிகர்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் வேறு வேறு அட்டையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். நான் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. இதற்கு மேல் நியாயம் பேச எனக்குத் தெம்பில்லை. முழு எபிசோட் பார்க்காதீர்கள், நேரம் வீண். வீக்எண்ட் அப்டேட்டை மட்டும் யூடியூபில் பாருங்கள், டிசம்பர் வந்தால் ஜோக் மாற்றலைத் தவற விடாதீர்கள். வாஷிங்டன் ஸ்கெட்சின் இணைப்பை நண்பருக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.