கூலர் மாற்றியதாகச் சொன்னால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதிகளில் வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். சூடேறித் தானாக அணைந்துபோகும் கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், கணினியின் மூளையான பிராசசரைக் குளிர்விக்கும் பழைய கூலரைப் புதியது என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டதோடு, சூடு குறையாததை மறைப்பதற்காகப் பிராசசரின் வேகத்தையும் எங்களிடம் சொல்லாமலே குறைத்துவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எங்களுடையது ஐ5-10400 பிராசசர். தங்கை கல்லூரிக்கான வரைபட வேலைகளை அதில்தான் செய்கிறாள். வரைந்ததை முழுப் படமாக்கும் ரெண்டர் வேலையைப் போட்டால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். "கூலர் போயிருச்சு சார், புதுசு போட்டாத்தான் பிராசசர் தப்பிக்கும்" என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்தபின் கணினி அணையவில்லை. ஆனால் எதைத் திறந்தாலும் இழுத்துக்கொண்டே இருந்தது. இந்தப் பிராசசரின் அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 4.3 வரை போகும். டாஸ்க் மேனேஜரிலோ அது 1.5-ஐ ஒட்டியே நின்றது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' என்ற இடத்தில் 100 சதவீதம் இருக்க வேண்டியதை 50 ஆக்கியிருந்தார்கள். அதைச் சரிசெய்து ரெண்டர் போட்டதுமே, வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூமானிட்டர் மென்பொருளில் அது 100 டிகிரியைத் தொட்டது. இந்தப் பிராசசருக்கு அதுதான் எல்லை. அங்கே அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

கூலரைக் கழற்றியபோது எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. அலுமினியத் தகடுகளின் அடியில் உப்புப் பூத்து வெள்ளையாகப் படிந்திருந்தது. புதுக் கூலரில் சில நாட்களில் அப்படிப் பூக்க வழியே இல்லை. போர்டில் அழுத்திப் பூட்டும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்றின் நுனி உடைந்திருந்ததால், கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. பிராசசரின் ஒரு பாதியில், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் நசுங்கி மெல்லிய படலமாகப் பரவியிருக்க, மறுபாதியில் தடவிய மேனிக்கு அப்படியே தடித்துக் கிடந்தது.

வேறு கூலர் வாங்கி, பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்திப் பூட்டினோம். இப்போது அதே ரெண்டரில் 70 டிகிரியை ஒட்டியே நிற்கிறது.

நம் பகுதியில் கூலர் கெடுவது உண்மைதான் என்பதால் இந்த ஏமாற்று எளிதாக எடுபடுகிறது. மண்டபத்தில் வடகடலும் தென்கடலும் இரு பக்கமும் கிடக்க, கச்சான் காற்று வீசும் மாதங்களில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து, தூசியைத் தகடுகளுக்கிடையே களிம்பாக ஒட்டவைக்கிறது. அதை ஊதி எடுக்க முடியாது. கணினியை அணைத்து, மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, மெல்லிய தூரிகையால்தான் தேய்த்து எடுக்க வேண்டும். சன்னலுக்கு நேரே கணினியை வைக்காமல் இருப்பதும் பெரிதும் உதவும்.

கடையில் கொடுத்தால், கழற்றிய பழைய பொருளையும் புதியதன் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். சும்மா ஓடும்போது காட்டும் வெப்பத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கனமான வேலையைக் கொடுத்து, வேகம், வெப்பம் இரண்டையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "கடலோரத்துல அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் கிடைத்தது. பழைய பொருளைப் புதியது என்று விற்பதையும், பில் தர மறுப்பதையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் கிடையாது. உடைந்த பின், உப்புப் பூத்த தகடு, பேஸ்ட் தடம் ஆகியவற்றைப் படம் எடுத்து, துண்டுச்சீட்டோடு சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.