.223 ரைஃபிள், 1:12 முறுக்கு: எந்தக் குண்டு ஒத்துவருகிறது, எது படுத்துகிறது

இந்த .223 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். தோட்டாக்களை நானேதான் நிரப்பிக்கொள்கிறேன். குழலுக்குள் திருகுபோல ஓடும் புரிகள்தான் குண்டைச் சுழலவைக்கின்றன; 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதே 1:12 முறுக்கு. அடிப்பக்கம் தட்டையான 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈயக் குண்டு என்றால் 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குரூப், அதாவது சுட்ட குண்டுகள் விழும் பரப்பு, அடங்கிவிடும். 69 கிரெய்ன் மேட்ச் (போட்டிக்கான) குண்டைப் போட்டால் இலக்கு அட்டை முழுக்கச் சிதறுகிறது. இத்தனைக்கும் விலை கூடிய குண்டு அதுதான்.

இப்படி ஆனதும் பலரும் வெடிமருந்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் அட்டையில் விழுந்த ஓட்டைகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். என் அட்டையில் சில ஓட்டைகள் வட்டமாக இல்லை. ஒன்றில் குண்டு பக்கவாட்டில் புகுந்த தடம் அப்படியே சாவித் துவாரம் மாதிரி பதிந்திருந்தது. சுழற்சி போதாமல் குண்டு தள்ளாடிக்கொண்டே போயிருக்கிறது. மருந்தை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

முறுக்கு எவ்வளவு என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ரைஃபிள் காலி என்று உறுதிசெய்துகொண்டு, கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றிக் குழலுக்குள் தள்ளுங்கள். கம்பியில் ஓர் அடையாளம் போட்டு, அது ஒரு முழுச் சுற்று வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று பாருங்கள். என்னுடையதில் 12. குட்டையான குண்டுக்கு இது போதும். 69 கிரெய்னுக்குப் பொதுவாக 10 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும்.

பெட்டியில் எடையைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். குழலுக்கோ நீளம்தான் கணக்கு. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் செம்பின் அடர்த்தி 8.9தான். அதனால் முழுச் செம்பில் செய்த 55 கிரெய்ன் குண்டு, அதே எடை ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும். என் குழலில் அது எல்லைக்கோட்டில் நிற்கிறது: வெயில் நேரத்தில் ஒழுங்காகப் போகும், குளிர்ந்த காலையில் குரூப் விரிந்துவிடும். குளிரில் காற்று அடர்த்தியாவதால் குண்டின் நிலைத்தன்மை இன்னும் குறைகிறது.

ஓட்டைகள் வட்டமாக இருந்தும் குரூப் பெரிதாக இருந்தால், அப்புறம்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். முதலில் ஸ்கோப் மவுன்ட் திருகுகளும், ஆக்‌ஷனைக் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதியை) கட்டையோடு பிடித்திருக்கும் திருகுகளும். சலிப்பான வேலைதான், ஆனால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்தது குண்டைத் தோட்டாவின் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் அழுத்துவது என்பது. குண்டுக்குக் குண்டு மூக்கின் வடிவம் மாறும் என்பதால், ஒன்றுக்குச் சரியாக வந்த தோட்டாவின் மொத்த நீளத்தை இன்னொன்றுக்கு அப்படியே வைக்க முடியாது. நுனியை வைத்து அளக்காமல், கம்பேரேட்டர் (அளவுகோலில் மாட்டும் துளையுள்ள கருவி) போட்டு மூக்கின் வளைவு தொடங்கும் இடத்தை வைத்து அளக்க வேண்டும். மூக்கு உடலோடு ஒரு கோணத்தில் சேரும் கூர்மையான செக்கன்ட் வளைவுக் குண்டுகள் இந்த ஆழத்துக்கு ரொம்பவே நுணுக்கம் பார்க்கும், வழுவழுப்பாகச் சேரும் டேஞ்சன்ட் வளைவு கொஞ்சம் பொறுத்துப்போகும். செம்புக் குண்டுக்குப் புரிகள் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்ட பிறகுதான் என் ரைஃபிளில் கொஞ்சமாவது குரூப் சேர்ந்தது.

இதில் விளையாடக் கூடாத இடம் ஒன்று உண்டு. குண்டை மாற்றினால், எடை ஒன்றாகவே இருந்தாலும், தோட்டா நிரப்பும் கையேட்டில் அந்தக் குண்டுக்குச் சொல்லியிருக்கும் தொடக்க அளவுக்கு மருந்தை இறக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீளமான குண்டு கூட்டுக்குள் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். புரியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் அழுத்தம் ஏறும்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழலில் படிந்த செம்பைக் கழுவிவிடுகிறேன். கழுவிய பிறகு முதல் சில குண்டுகள் விலகிப் போவது வழக்கம், அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று குண்டு குரூப்பை நம்புவதையும் விட்டாயிற்று. பத்து சுட்டால் அழகான மூன்று எங்கே போனதென்றே தெரியாது.

எதை மாற்றிப் பார்த்தாலும், நன்றாகப் போகும் அந்த 55 கிரெய்ன் தோட்டாவில் கொஞ்சம் எப்போதும் தனியாக வைத்திருக்கிறேன். புதுக் குண்டு சொதப்பினால் உடனே இதைச் சுட்டுப் பார்ப்பேன். இதுவும் சிதறினால் கோளாறு ரைஃபிளில் அல்லது என்னிடம். இது சேர்ந்து விழுந்தால் புதுக் குண்டோடு எனக்கு வேலையில்லை. வேகமான முறுக்குள்ள குழல் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் 200 கஜத்துக்கு மேல் நான் சுடுவதில்லை, அதற்கு இந்தக் குழலே தாராளம்.