மூச்சா, நடையா?

கந்தோரில் மேலதிகாரியின் அதட்டல், ஓயாமல் அலறும் கைப்பேசி, மாதக் கடைசியில் கடன் தவணை. எதுவானாலும் உடல் ஒரே விதமாகத்தான் பதில் சொல்கிறது: அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. இதைத் தணிக்க மட்டக்களப்பில் காசு செலவில்லாத இரண்டு வழிகளைச் சொல்வேன்.

ஒன்று, நிதானமான மூச்சு. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளட்டும். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. பஸ் நெரிசலில் நின்றபடியும் செய்யலாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

மற்றது, கல்லடிப் பழைய பாலத்தில் மாலை நடை. 1924இல் கட்டிய இரும்புப் பாலம் அது. புதிய பாலம் வந்தபின் கனரக வாகனத் தொல்லை இல்லை. கீழே தோணியில் ஒருவர் வீச்சுவலையை விசிறுவார். அது வட்டமாக விரிந்து வாவியில் விழும்வரை கண் அங்கேயே நிற்கும். சண்டைக்கோ ஓட்டத்துக்கோ என்று உடல் இரத்தத்தில் இறக்கிய சர்க்கரையைக் கால்கள் செலவழிக்கின்றன. இரவில் தூக்கமும் நன்றாக வருகிறது.

கோபம் தலைக்கேறிய கணத்துக்கு மூச்சுதான். ஆனால் நாட்கணக்கில் சேர்ந்த இறுக்கத்துக்கு நடையையே நான் தேர்வேன். பதற்றக்காரர் சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் தாழ்ந்தபின் புறப்படுங்கள். மாரி மழையில் நடை தடைப்படும். அப்போது மூச்சு கைகொடுக்கும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் இவை இரண்டையும் நம்பிக் காத்திராமல் வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற இலங்கைத் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.